திரையும் அச்சும் ஒத்துப்போக: படப் பணியிடத்தில் வண்ணத்தைக் கட்டுக்குள் வைக்கும் முறை

அச்சு இருட்டாக வந்ததும் பலரும் முதலில் செய்வது படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி அச்சுக்கு அனுப்புவதுதான். அந்த ஒரு பிரதி சரியாக வந்துவிடும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மானிட்டர் அதிக வெளிச்சத்தில் இருந்ததுதான் காரணம் என்றால், அதை மறைக்கத் திருத்திய ஒவ்வொரு ஃபைலும் இப்போது கெட்டுப்போன ஃபைல். பிறகு ஒருநாள் அதே படத்தை வேறு காகிதத்தில் அச்சிடும்போது வெளிறிப்போய் வந்து நிற்கும்.

வண்ண மேலாண்மையில் நாங்கள் மாற்றாமல் பின்பற்றும் விதி ஒன்றுதான்: கோளாறு எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். அறை வெளிச்சம், மானிட்டர், படம் பிடித்தல், ஃபைல், அச்சு என்ற வரிசையில் வேலை செய்யுங்கள். முந்தைய படி உறுதியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். கீழே உள்ளதும் அதே வரிசைதான்.

படி 1: அறையும் வெளிச்சமும்

மானிட்டரை அளக்கும் கருவி வாங்குவதற்கு முன் அறையைப் பாருங்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் சுவர் மஞ்சளோ நீலமோ ஆக இருந்தால் கண் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திரையிலுள்ள சாம்பல் அதற்கு எதிர்ச் சாயலில் தெரியும். சுவருக்கு மங்கலான, சாயலற்ற சாம்பல் பூச்சுதான் நல்லது. பளபளக்கும் பெயின்ட் வேண்டாம். திரை முன் உட்காருபவரின் சட்டை நிறம்கூடத் திரையில் பிரதிபலிக்கும் என்பதால், நுணுக்கமான வேலை நடக்கும் இடங்களில் கருப்போ சாம்பலோ அணிவது வழக்கம்.

ஜன்னல் வெளிச்சம் காலையில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம். அதை முழுதாக மறைத்துவிடுங்கள். மானிட்டர் அருகே அறை வெளிச்சம் 64 லக்ஸை (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) தாண்டக் கூடாது. 32 லக்ஸுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

அச்சுப் பிரதியைப் பார்க்கத் தனி விளக்கு வேண்டும். அச்சைப் பார்க்கும் வெளிச்சத்துக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 3664 இதற்கு டி50 ஒளியை, அதாவது சுமார் 5000 கெல்வின் வெள்ளையை, சொல்கிறது. பிரதிகளை நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸ். விளக்கின் வண்ணக் காட்டுகைக் குறியீடு (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பெட்டியில் "டேலைட்" என்று அச்சிட்ட சாதாரண எல்இடி பல்பு இதற்கு ஈடாகாது. அதன் ஒளியில் சில அலைநீளங்கள் குறைவாக இருக்கும். புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. அதனால் காகிதத்திலுள்ள வெண்மையூட்டிகள் ஒளிராது, ஒரே காகிதம் இரண்டு விளக்கில் இரண்டு வெள்ளையாகத் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒரு காகிதத்தின் ஒளிர்வு அளவு = லக்ஸ் × காகிதம் திருப்பி அனுப்பும் பங்கு ÷ 3.14. நல்ல வெள்ளைக் காகிதம் விழும் ஒளியில் சுமார் 0.9 பங்கைத் திருப்பி அனுப்பும். ஆகவே 500 லக்ஸில் அந்தக் காகிதத்தின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 143 கேண்டெலா. 2000 லக்ஸில் ஏறக்குறைய 570. மானிட்டர் 120 கேண்டெலாவில் இருக்க, பக்கத்தில் 2000 லக்ஸ் விளக்கின் கீழ் பிரதியை வைத்தால் திரை இருண்டுதான் தெரியும். இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை. திரையோடு ஒப்பிடும்போது விளக்கைச் சுமார் 420 லக்ஸுக்குத் தணியுங்கள். 120 கேண்டெலாவுக்கு அதுதான் பொருந்தும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறம் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் இஷிஹாரா சோதனையோ, 85 மூடிகளை நிற வரிசையில் அடுக்கும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனையோ செய்துகொள்வது நல்லது. ஆண்களில் நிறப் பார்வைக் குறைபாடு பலர் நினைப்பதைவிடப் பரவலானது. பெரும்பாலானவர்களுக்கு அது தமக்கு இருப்பதே தெரியாது.

படி 2: மானிட்டர்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். காலிபரேஷன் என்பது மானிட்டரை ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவருவது. ப்ரொஃபைல் என்பது, அந்த நிலைக்கு வந்தபின் அது எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வைத்த குறிப்பு. காலிபரேஷனுக்குப் பிறகு மானிட்டரின் பட்டனை ஒருமுறை தொட்டாலும் அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

1. மானிட்டரை ஆன் செய்து குறைந்தது 30 நிமிடம் ஓட விடுங்கள். அதற்குள் ஸ்கிரீன் சேவர் வரக் கூடாது.
2. மானிட்டர் மெனுவில் எல்லாவற்றையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோங்கள். தானாக மாறும் கான்ட்ராஸ்ட், மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கேற்பக் கூடிக் குறையும் பிரைட்னஸ், எச்டிஆர் முறை ஆகியவற்றை நிறுத்துங்கள். இயங்குதளத்தில் இரவு வெளிச்சம், ட்ரூ டோன் போன்ற வசதிகளையும் நிறுத்துங்கள். இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அளவு வீண்.
3. பழைய காலிபரேஷன் மென்பொருளின் மிச்சங்கள் கணினி தொடங்கும்போது தாமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு மென்பொருள்கள் மாறி மாறி வளைவுகளை ஏற்றுவது அடிக்கடி நடக்கும் கோளாறு.
4. இலக்குகளைக் கொடுங்கள்: வெள்ளைப் புள்ளி டி65 (சுமார் 6500 கெல்வின், டி50-ஐவிட நீலம் கூடிய வெள்ளை), காமா (கருப்பிலிருந்து வெள்ளைவரை வெளிச்சம் ஏறும் வளைவு) 2.2, ஒளிர்வு 120 கேண்டெலா. அறை மிக இருட்டாக இருந்தால் 80 முதல் 100 போதும்.
5. ஒளிர்வை மானிட்டரின் பின்விளக்கால் மட்டும் குறையுங்கள். கான்ட்ராஸ்ட் பட்டனாலோ மென்பொருளாலோ குறைத்தால் நிறப் படிகள் தொலைந்து, வானம் பட்டை பட்டையாகத் தெரியும்.
6. மானிட்டரின் பின்விளக்கு வகையை மென்பொருளில் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.
7. திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, அளவுமானி முழுதாகப் படியும்படி வையுங்கள். விளிம்பில் ஒளி புகுந்தால் கருமை அளவு தவறாக வரும்.

ஆறாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரும் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. திரையில் வைத்து அளக்கும் கலரிமீட்டருக்குள் நிற வடிகட்டிகள்தான் இருக்கின்றன. அவை மனிதக் கண்ணை ஏறத்தாழத்தான் ஒத்திருக்கும். பரந்த வண்ண வரம்புள்ள மானிட்டரின் பின்விளக்கு ஒளி குறுகிய கூர்முனைகளாக வருவதால், பொருந்தாத திருத்தத்தோடு அளந்தால் வெள்ளையே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ முடியும். ஒரே மாதிரியான இரண்டு மானிட்டர்களில் எண்கள் ஒன்றாக இருந்தும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் இருண்ட நிறங்களை அது அவ்வளவு நன்றாக அளக்காது. இரண்டும் இருக்கும் இடத்தில், ஸ்பெக்ட்ரோவைக் கொண்டு அந்த மானிட்டருக்கென ஒரு திருத்த ஃபைல் உருவாக்கி, அன்றாட அளவைக் கலரிமீட்டரில் எடுப்பது சிறந்த வழி. ஆர்கில்சிஎம்எஸ் என்ற இலவசக் கருவித்தொகுப்பில் இதைச் செய்ய முடியும்.

ப்ரொஃபைல் அமைப்பில் பதிப்பு 2, மேட்ரிக்ஸ் வகை (அட்டவணை இல்லாத எளிய வகை) என்று தேர்ந்தெடுங்கள். பதிப்பு 4 நல்லதுதான் என்றாலும், திரை ப்ரொஃபைலாக அதைச் சரியாகப் படிக்காத மென்பொருள்கள் இன்னும் உண்டு.

முடிந்ததும் சரிபார்ப்பு அளவை ஓட்டுங்கள். டெல்டா ஈ 2000 (இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சொல்லும் எண்) கணக்கில் சராசரி 1-க்குக் கீழும், மிக மோசமான கட்டம் 3-க்குக் கீழும் இருந்தால் போதும். ஆனால் காலிபரேஷன் செய்த அதே கருவிதான் இங்கே சாட்சி சொல்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கருவியே தவறாக அளந்தால் அறிக்கை அழகாகத்தான் வரும். அதனால் கருப்பிலிருந்து வெள்ளை வரை செல்லும் சாம்பல் சரிவு ஒன்றைத் திரையில் வைத்துக் கண்ணாலும் பாருங்கள். இடையில் எங்காவது பச்சையோ சிவப்போ தலைகாட்டினால் திரும்பச் செய்யுங்கள்.

டி50 விளக்கின் கீழ் பிரதியை வைத்து ஒப்பிடும்போது டி65 திரை நீலமாகத் தெரியலாம். அப்போது திரையையும் டி50-க்கு மாற்றினால் பலருக்கு அது மஞ்சளாகத் தெரிகிறது. எண்களைவிட இங்கே கண்தான் நீதிபதி: 5500 முதல் 5800 கெல்வினுக்குள் திரை வெள்ளையும் காகித வெள்ளையும் ஒத்துப்போகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதையே இலக்காக எழுதி வையுங்கள்.

படி 3: படம் பிடித்தல், ஸ்கேன்

ஓவியம், ஆவணம், பொருள் என எதைப் படம் பிடித்தாலும், ஒரே வகை விளக்குகள் இரண்டை இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். படப் பரப்பு முழுவதும் ஒரு சாம்பல் அட்டையை வைத்துப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் எண்களைப் பாருங்கள். 255 அளவில் 5-க்கு மேல் வேறுபாடு இருந்தால் விளக்குகளை நகர்த்துங்கள். மிச்ச வேறுபாட்டை, ரா ஃபைலை (கேமராவின் திருத்தப்படாத மூலப் பதிவு) திறக்கும் மென்பொருளின் சமன்படுத்தும் வசதி பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, எண்கள் முன்பே அறிந்த 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை. ரா ஃபைலாக எடுங்கள். சாயல் திருத்தத்துக்கு வெள்ளைக்கு அடுத்த வெளிர்சாம்பல் கட்டத்தைச் சொடுக்குங்கள். வெள்ளைக் கட்டத்தில் ஒரு நிறத்தடம் உச்சத்தை முட்டியிருந்தால் கணக்கு தவறும். எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண வெளியில் (எந்த எண் எந்த நிறம் என்ற வரையறை) பார்க்கும்போது வெள்ளைக் கட்டம் 243, அடுத்தடுத்த சாம்பல்கள் 200, 160, 122, 85, கடைசிக் கருப்பு 52 என்ற எண்களை ஒட்டி வர வேண்டும். அதைவிடப் பரந்த வெளியான அடோபி ஆர்ஜிபியிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான். இன்னும் பரந்த ப்ரோஃபோட்டோவில் காமா 1.8 என்பதால் எண்கள் குறைந்து தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வெள்ளையும் கருப்பும் சரியாக இருந்து நடுச் சாம்பல் மட்டும் ஒத்துவரவில்லையா? ரா மென்பொருள் தானாகப் பூசும் டோன் வளைவுதான் காரணம். அது காட்சிப் படங்களுக்கு உயிர் கொடுக்கச் சேர்க்கும் கான்ட்ராஸ்ட். அசலை அப்படியே பிரதியெடுக்கும் வேலையில் அது கேடு. நேர்க்கோட்டு வளைவைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகே கேமரா ப்ரொஃபைல் உருவாக்குங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ப்ரொஃபைல் மென்பொருளைக் குறைசொல்பவர்கள் நிறையப் பேர்.

அட்டைக்கும் ஆயுள் உண்டு. வெளிச்சத்தில் கிடந்தால் நிறம் மங்கும். விரல் எண்ணெய் பட்டாலும் கெடும். கலர்செக்கர் அட்டையின் சாயக் கலவை 2014 நவம்பரில் மாறியது. அதற்கு முந்தைய அட்டைக்கும் பிந்தைய அட்டைக்கும் ஆதார எண்கள் வேறு. அட்டையின் பின்பக்கத் தேதியைப் பார்த்து, பொருந்தும் எண்களை மென்பொருளுக்குக் கொடுங்கள்.

ஸ்கேனருக்கு ஐடி8 என்ற நிறக் கட்ட அட்டை. அதோடு வரும் ஆதார ஃபைல் அந்த உற்பத்தித் தொகுதிக்கு உரியதா என்று தொகுதி எண்ணை ஒப்பிடுங்கள். ஸ்கேன் மென்பொருளின் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்திய நிலையில் ஸ்கேன் செய்து, பிறகு எல்லா வேலைக்கும் அதே அமைப்பையே வைத்திருங்கள்.

படி 4: ஃபைலும் ப்ரொஃபைலும்

ஒரு ஃபைலில் இருப்பது எண்கள்தான். 200, 40, 40 என்ற எண் எந்தச் சிவப்பு என்பதைச் சொல்வது ப்ரொஃபைல். ப்ரொஃபைல் இல்லாத எண் அலகு எழுதாத நீளம் மாதிரி.

இதில் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொண்டால் மீளவே முடியாது. ப்ரொஃபைலை ஒட்டும் கட்டளை, எண்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் பொருளை மாற்றுகிறது. படத்தின் தோற்றம் மாறும். ப்ரொஃபைலுக்கு மாற்றும் கட்டளை, தோற்றத்தைக் காப்பாற்ற எண்களை மாற்றுகிறது. ப்ரொஃபைல் இல்லாமல் வந்த ஃபைலுக்கு மட்டுமே முதலாவது. மற்ற எல்லாச் சமயத்திலும் இரண்டாவது.

அடோபி ஆர்ஜிபி ஃபைலிலிருந்து ப்ரொஃபைல் கழன்றுபோனால், அதைத் திறக்கும் மென்பொருள் எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொள்ளும். முகங்கள் சோகை பிடித்ததுபோல் தெரியும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வெளிகளிலும் சாம்பல் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே சாம்பல் அட்டை சரியாகத் தெரிகிறது என்பதால் ப்ரொஃபைல் சரி என்று நம்பிவிடாதீர்கள். செறிவான சிவப்பையும் பச்சையையும் பாருங்கள்.

எந்த வெளியில் வேலை செய்வது? வலைத்தளத்துக்கு மட்டும் போகும் படம் என்றால் எஸ்ஆர்ஜிபி போதும். அச்சுக்கும் போகும் என்றால் அடோபி ஆர்ஜிபி. ப்ரோஃபோட்டோ 16 பிட்டில் மட்டும். அதன் வரம்பில் கண்ணால் காணவே முடியாத நிறங்களும் அடக்கம் என்பதால், 8 பிட்டில் இருக்கும் 256 படிகள் அந்த அகலத்துக்குப் போதாமல் படிக்கோடுகள் விழும். எங்கள் பரிந்துரை, மூல ஃபைலை 16 பிட் டிஃப் வடிவில் அடோபி ஆர்ஜிபியில் வைத்துவிட்டு, மற்றதெல்லாம் அதன் நகலாக எடுப்பது.

ஃபோட்டோஷாப்பில் வண்ண அமைப்புக்குள் சென்று, உள்ளே பதிந்த ப்ரொஃபைலைக் காப்பாற்றும்படி வையுங்கள். ப்ரொஃபைல் இல்லாவிட்டாலோ பொருந்தாவிட்டாலோ கேட்கும்படியும் வையுங்கள். அந்த எச்சரிக்கைப் பெட்டி அடிக்கடி வந்து எரிச்சலூட்டும். இருந்தாலும் நிறுத்த வேண்டாம். ஃபைல் எங்கே கெட்டது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

படி 5: அச்சு

ஒவ்வொரு பிரின்டர், மை, காகிதச் சேர்க்கைக்கும் தனி ப்ரொஃபைல் வேண்டும். காகிதம் மாறினால் ப்ரொஃபைலும் மாற வேண்டும்.

முதலில் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) சோதனை. ஒரு நாசில் அடைத்திருந்தாலும் சோதனைக் கட்டங்களில் அந்த மை குறைந்து, அந்தக் குறை ப்ரொஃபைலுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அடுத்து டிரைவரில் காகித வகையைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு மை விழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மை தேங்கினால் அளவு குறைந்த வகைக்கு மாறுங்கள். வண்ண மேலாண்மை எங்குமே ஓடாத நிலையில் சோதனைக் கட்டங்களை அச்சிட்டு, 24 மணி நேரம் உலர விடுங்கள். ஈர மையின் நிறமும் உலர்ந்த மையின் நிறமும் ஒன்றல்ல. பிறகு அளவெடுங்கள். வெண்மையூட்டி உள்ள காகிதத்துக்கும் டி50 விளக்கில் பார்க்கப்போகும் பிரதிக்கும் எம்1 அளவுமுறை (புற ஊதாவையும் சேர்த்து அளப்பது). புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் சட்டமிடப்போகும் படத்துக்கு எம்2 (புற ஊதாவை நீக்கி அளப்பது).

அச்சிடும்போது நிறத்தை மாற்றும் பொறுப்பு ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். மென்பொருள் கவனிக்கிறது என்றால் டிரைவரில் அதை நிறுத்தியே ஆக வேண்டும். இரண்டும் மாற்றினால் படம் பெரும்பாலும் இளஞ்சிவப்பு ஏறி, கறுத்து வரும். டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகு இந்த அமைப்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. திடீரென்று எல்லாம் சிவந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அச்சில் வராத நிறங்களை என்ன செய்வது என்று சொல்வது மாற்றுமுறை. பெரும்பாலான புகைப்படங்களுக்கு ரிலேடிவ் கலரிமெட்ரிக் (வராத நிறங்களை மட்டும் அருகிலுள்ள நிறத்துக்கு நகர்த்துவது), அதோடு கரும்புள்ளி ஈடுசெய்தல் (படத்தின் கருப்பைக் காகிதத்தின் கருப்போடு பொருத்துவது). அச்சில் வராத செறிவான நிறங்களின் நுண்படிகள் படத்தில் நிறைய இருந்தால் பெர்செப்சுவலை (எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்குவது) முயன்று பாருங்கள்; அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் மென்சோதனையில் இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் முறை. ஒரு காகிதத்தின் நிறத்தையே இன்னொன்றில் காட்ட வேண்டிய ப்ரூஃபுக்கு (மாதிரிப் பிரதி) மட்டும் அப்சல்யூட். அடோபி ஆர்ஜிபியிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும்போது பெர்செப்சுவலைத் தேர்ந்தெடுத்தும் எந்த வேறுபாடும் தெரியவில்லையே என்று தேட வேண்டாம். வழக்கமாகக் கிடைக்கும் மேட்ரிக்ஸ் ப்ரொஃபைல்களில் அதற்கான அட்டவணையே இல்லை. மென்பொருள் அமைதியாக ரிலேடிவ் முறையில்தான் மாற்றும்.

மென்சோதனையில் காகித வெள்ளையைக் காட்டும் தேர்வைப் போட்டதும் படம் வாடிவிட்டதுபோல் தெரியும். திரையின் வெள்ளைச் சட்டங்களோடு கண் ஒப்பிடுவதால் வரும் அதிர்ச்சி அது. தேர்வைப் போடும் நொடியில் வேறு பக்கம் பார்த்துவிட்டு, முழுத்திரையில் சாம்பல் பின்னணியோடு திரும்பிப் பாருங்கள்.

சிஎம்ஒய்கே (நான்கு மை) அச்சகத்துக்கு அனுப்பும்போது, எந்த ப்ரொஃபைல், மொத்த மை (நான்கு மைகளின் சதவீதக் கூட்டுத்தொகை) எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பூச்சுக் காகிதத்துக்கு 300 முதல் 330 சதவீதமும், செய்தித்தாளுக்கு 240 சதவீதத்தை ஒட்டியும் இருப்பது வழக்கம். மீறினால் மை உலராமல் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டும். ஒரு சிஎம்ஒய்கேயிலிருந்து இன்னொன்றுக்குச் சாதாரணமாக மாற்றாதீர்கள்; வெறும் கருப்பில் இருந்த எழுத்துகள் நான்கு மையாக உடைந்து, மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவது சற்று விலகினாலும் விளிம்பில் வண்ண நிழல் தெரியும். மூல ஆர்ஜிபியிலிருந்து புதிதாக மாற்றுவதே பாதுகாப்பு.

கோளாறு வந்தால் எங்கே தேடுவது

அச்சு சீராக எல்லாப் படத்திலும் இருட்டாக வந்தால் மானிட்டர் ஒளிர்வையும், பிரதியைப் பார்க்கும் விளக்கையும் அளந்து பாருங்கள். ஒரே படம் ஒரு மென்பொருளில் செக்கச்செவேல் என்றும் இன்னொன்றில் சரியாகவும் தெரிந்தால், அப்படிச் சிவப்பாகக் காட்டுவது மானிட்டர் ப்ரொஃபைலைப் படிக்காத மென்பொருள். பரந்த வரம்புள்ள திரையில் இது அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது திரையில் மட்டும் தவறு என்றால், அந்த மென்பொருள் முதன்மைத் திரையின் ப்ரொஃபைலையே இரண்டுக்கும் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள்.

டி50 விளக்கில் பொருந்திய இரண்டு பிரதிகள் அலுவலக விளக்கில் பிரிந்து தெரிந்தால் அது மெட்டாமெரிசம். ப்ரொஃபைலைத் திருத்தி அதைப் போக்க முடியாது. பிரதி எந்த விளக்கில் தொங்கப்போகிறதோ அந்த விளக்கில் பார்த்து ஒப்புதல் வாங்குங்கள். செறிவான நீலம் ஊதாவாக மாறுவது பல ப்ரொஃபைல்களில் உள்ள குறை. இடையில் கணக்குப் போடும் லேப் என்ற வண்ண வெளியில் நீலப் பகுதியின் சாயல் கோடுகள் நேராக இல்லாததுதான் காரணம். அந்த நிறத்துக்கு மட்டும் அச்சு நகலில் கையால் திருத்துவது நியாயம். மூலத்தில் கைவைக்க வேண்டாம்.

எந்தப் படியில் பிழை என்று புரியாவிட்டால், அறிந்த எண்கள் கொண்ட ஒரு சோதனைப் படத்தை அச்சிடுங்கள். தோல் நிறங்கள், சாம்பல் சரிவு, செறிவான கட்டங்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். சோதனைப் படம் சரியாக வந்தால் பிரின்டர் நிரபராதி. உங்கள் ஃபைலையும் திரையையும் பாருங்கள். அதுவும் தவறாக வந்தால் திரைப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை

மானிட்டர் காலிபரேஷன் மாதம் ஒருமுறை. அந்தச் சோதனைப் படத்தை வாரம் ஒருமுறை அச்சிட்டு, உலர்ந்ததும், இருட்டில் பத்திரப்படுத்திய முதல் பிரதியோடு விளக்கின் கீழ் ஒப்பிடுங்கள். மை, காகிதத் தொகுதி, டிரைவர் எதுவாவது மாறினால் அன்றே ஒப்பிட வேண்டும். பார்வை விளக்குகளின் எரிந்த மணிகளைக் குறித்து வைத்து, தயாரிப்பாளர் சொன்ன வரம்பில் மாற்றுங்கள். அவை அணைவதற்கு வெகு முன்பே நிறம் மாறிவிடும்.

இவற்றுக்கெல்லாம் பணியிடத்தில் ஒரு நோட்டு போதும். தேதி, மானிட்டர், இலக்கு எண்கள், கிடைத்த டெல்டா ஈ, காகிதம், டிரைவரில் தேர்ந்த காகித வகை, மாற்றுமுறை, செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். டிரைவர் அமைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அச்சிட்டு அதில் ஒட்டிவிடுங்கள்.